விழுந்தோர்: பூஜ்யம்

ஜூன் 24

முற்பகல்: உழவர் சந்தை. பிற்பகல்: ஆஸ்பத்திரி.

வேலையில் இருந்த காலத்தில் தினமும் இப்படித்தான் முகாம் நாட்குறிப்பு எழுதுவேன். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. எனக்கு முத்திரை ஆய்வாளர் வேலை. கடைக் கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவேன், இல்லாவிட்டால் வழக்குப் போடுவேன். இப்போது யாரும் என்னைச் சோதிக்கச் சொல்லவில்லை. வாஸ்தவம்தான். ஆனால் தக்காளிக்காரன் ஒரு கையைத் தராசுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நிறுத்தால் எனக்கு எப்படிப் பொறுக்கும்? குனிந்து தராசுக்கு அடியில் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. என் காலுக்கு அடியில்தான் இருந்தது, நசுங்கிய தக்காளி.

ஆம்புலன்ஸில் என் மனைவி தெய்வானை கேட்டாள்: "ஏனுங்க, தராசு சரியா இருந்துச்சுங்களா?"

அக்கறையில் கேட்ட கேள்வி இல்லை. வலி தாங்காத மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

ஜூன் 25

இடுப்பு எலும்பு முறிவு. நாளைக்கு ஆபரேஷன். பயம் எதுவும் இல்லை.

மகன் மகேந்திரன் ஓசூரிலிருந்து வந்துவிட்டான். டாக்டரோடு வராந்தாவில் நின்று வெகுநேரம் பேசினான். பிறகு உள்ளே வந்து எனக்குச் சொல்லாமல், எனக்கு மேலே தொங்கிய குளுக்கோஸ் பாட்டிலுக்குச் சொன்னான்.

"வீடு மாடில இருக்குதுங்கப்பா. நீங்க படி ஏறி எறங்க முடிஞ்சா சரி. முடியலீன்னா இங்க தனியா வெச்சுட்டு நான் எப்படி இருக்கறது? ரெண்டு பேரும் ஓசூருக்கே வந்தரோணும். வீட்ட வித்துப்போடலாம்."

ஓசூரில் அவன் இருப்பது ஏழாவது மாடி, லிஃப்ட் உண்டு. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஏழாவது மாடி தெரியும். போன தீபாவளிக்குப் போயிருந்தபோது தெய்வானை ஒரு வாரம் முழுக்க அந்த ஜன்னலில் காய்ந்த துணியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இங்கே தாராபுரத்தில் எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவரில் நின்றபடியே தெருவில் பாதி ஊரோடு அவள் பேசிவிடுவாள்.

"ஏறுவேன்டா" என்றேன். பயம் எதுவும் இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன், அது அப்படியே இருக்கட்டும்.

ஜூன் 26

ஆபரேஷன்.

ஜூன் 27

இந்த ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் அளக்கிறார்கள். எனக்கு அதில் பரம சந்தோஷம். அளவில்லாத இடத்தில் நியாயம் இருக்காது என்று நம்பியே வேலை பார்த்தவன் நான்.

ஆனால் அளக்கத் தெரிந்து அளக்கவேண்டும். காலையில் நிவேதா என்ற சின்ன நர்ஸ் ஒரு அட்டையோடு வந்தாள். சிரிக்கிற முகத்தில் ஆரம்பித்து அழுகிற முகம் வரைக்கும் வரிசையாக வரைந்திருந்தது.

"ஐயா, வலி பத்துக்கு எத்தனைங்க?"

"பத்துன்னா எது அம்மணி?"

"தாங்கவே முடியாத வலிங்க."

"யாருக்கு?"

அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் ஒன்றும் எழுதவில்லை. ஒரு கிலோ என்றால் ஒரு கிலோவுக்குப் படிக்கல் இருக்கிறது, அதைச் சோதிக்க என்னிடம் இன்னொரு கல் இருந்தது. வலிக்குப் படிக்கல் எங்கே இருக்கிறது? இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல்:

"எனக்கு எட்டுப் போட்டுக்கங்க அம்மணி. தெனமும் எட்டுத்தான்."

அவள் போனதும் அவர் என் பக்கம் சாய்ந்தார். "ஏழுன்னா மாத்திரைதானுங்க குடுப்பாங்க. எட்டுன்னாத்தான் ஊசி. நானு எட்டுக்குக் கீழ எறங்கறதில்லீங்க." பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "அட! முத்திரை சாருங்களா?"

ராக்கியப்பன். வெல்ல மண்டிக்காரர். நான் அவர்மேல் இரண்டு தடவை வழக்குப் போட்டிருக்கிறேன். இத்தனை கட்டில் இருந்தும் எனக்குப் பக்கத்தில்தானா முட்டி ஆபரேஷனுக்கு வந்து படுக்கவேண்டும்? "சொகமா இருக்கீங்களா?" என்று கேட்டார். இருவரும் இருக்கிற இடத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

வார்டின் பொறுப்பு எஸ்தர் சிஸ்டர் என்ற அம்மாவிடம். ஐம்பது வயதிருக்கும். அவர் நடந்து வரும்போது கட்டில்களே நேராகிக்கொள்கின்றன. பெரிய எலும்பு டாக்டர் என் கட்டைப் பிரிக்க வந்தார். சிஸ்டர் சுவரில் இருந்த கைகழுவும் மருந்தைக் காட்டினார். டாக்டர் "இப்பத்தான் கழுவுனேன்" என்றார். சிஸ்டர் நகரவில்லை. டாக்டர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி போய்க் கழுவிக்கொண்டு வந்தார். யார் கழுவினார், யார் கழுவவில்லை என்று மாதாமாதம் கணக்கு எடுக்கிறார்களாம். அந்தக் கணக்கு வந்த பிறகு இந்த வார்டில் தையல் சீழ் பிடிப்பது நன்றாகக் குறைந்துவிட்டதாக டாக்டரே சொன்னார். எழுந்து நின்று கைதட்ட நினைத்தேன். எழுந்து நிற்க முடியவில்லை.

ஜூன் 28

எலும்பு டாக்டர்: "நல்லா நடக்கணும். தினமும் நாலஞ்சு தடவை. படுத்தே இருந்தா கால் சதையெல்லாம் கரைஞ்சுரும், அப்புறம் படி ஏறறது கனவுதான்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நடைப் பயிற்சிக்கு கவின் என்ற தம்பி வந்தான். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினேன். உயிர் போய் வந்தது, ஆனால் நடந்தேன். "சூப்பருங்க, நாளைக்குப் பாக்கலாம்" என்று ஓடிவிட்டான். இந்தக் கட்டடம் முழுவதற்கும் அவன் ஒருவன்தான்.

அவன் போன கையோடு நிவேதா கட்டிலின் இரண்டு பக்கக் கம்பிகளையும் தூக்கிப் பூட்டினாள். கையில் ஒரு மஞ்சள் பட்டை மாட்டினாள். 'விழ வாய்ப்புள்ளவர்' என்று அர்த்தமாம்.

"மத்தியானம் இன்னொரு தரம் நடக்கோணும் அம்மணி. டாக்டர் சொன்னாரு."

"கவின் சார் வந்தாத்தானுங்க நடக்கலாம்."

"அவன் நாளைக்குத்தான வருவான்?"

"அப்ப நாளைக்கு நடங்க."

ஜூன் 29

மர்மம் துலங்கிவிட்டது. வார்டு வாசலில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருக்கிறது. 'இம்மாதம் விழுந்தோர்' என்று அச்சடித்து, பக்கத்தில் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டிருக்கிறார்கள். எதிர் வார்டு வாசலிலும் அதே போல ஒன்று. மாதக் கடைசியில் நோயாளிகள் விழாத வார்டுக்குக் கேடயம். இரண்டு வார்டும் பூஜ்யமாக இருந்தால் மற்ற மார்க்குகளைப் பார்ப்பார்களாம். ஆறு மாதமாகக் கேடயம் நம் வார்டில்தான்.

"ஒரு நோயாளி விழாம இருக்கோணும்னா என்னங்க சார் வழி?" ராக்கியப்பன் கேட்டார்.

"கவனமாப் பார்த்துக்கோணும்."

"அதுக்கு ஆள் வேணுமுங்க. ஆளில்லாம ஒரு வழி இருக்குதே. எந்திரிக்கவே உடக்கூடாது." தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டார். "படுத்திருக்கறவன் எங்கீங்க விழுவான்?"

எனக்குச் சுருக்கென்றது. நான் வழக்குப் போட்ட ஆளிடமே இப்படி உண்மையைக் கேட்கவேண்டியிருக்கிறது.

ஜூன் 30

மகேந்திரன் போனில் பேசினான். வீடு பார்க்க ஒரு பார்ட்டி கேட்கிறதாம். "பாக்கறது மட்டும்தானுங்கப்பா" என்றான்.

கவின் இன்று வரவில்லை. லீவு. கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தேன். கிழங்கு மாதிரி இருந்தது இப்போது தொளதொளவென்று ஆடுகிறது. இருபது வருடம் மிதிவண்டியில் கடை கடையாகப் போன கால் இது.

தெய்வானை மத்தியானம் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். ரோஜாச் செடித் தொட்டிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாளாம். நான் காலைப் போர்வையால் மூடிக்கொண்டேன்.

ஜூலை 1

கேடயம் ஏழாவது மாதமாக நம் வார்டுக்கு. மேனேஜர் வந்தார், போட்டோ எடுத்தார்கள், லட்டு கொடுத்தார்கள். எனக்குச் சர்க்கரை என்பதால் லட்டைக் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நோயாளிகள் எல்லோரும் கம்பிகளுக்குள்ளிருந்து சிரித்தோம்.

கூட்டம் கலைந்த பிறகு எஸ்தர் சிஸ்டரிடம் கேட்டேன். சண்டைக்குத்தான் கேட்டேன், மறைப்பானேன். "உங்க கேடயத்துக்காக எங்கள முடமாக்கறது நியாயமுங்களா?"

அவர் கோபிக்கவில்லை. என் கட்டிலின் கம்பியில் கை வைத்தபடி நின்றார்.

"பலகை வர்றதுக்கு முன்னாடி இங்க எத்தனை பேர் விழுந்தாங்கன்னு யாருக்குமே தெரியாதுங்கய்யா. யாரும் எண்ணுனதில்ல. ஒரு அம்மா பாத்ரூம்ல விழுந்து கெடந்துச்சு. சத்தம் போட்டுருக்கும், யாருக்கும் கேக்கல. நான்தான் கதவத் தொறந்தேன்." கம்பியில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை நகத்தால் சுரண்டினார். "அடுத்த வாரமே நான் மேனேஜ்மென்ட்ல சண்ட போட்டு எண்ண வெச்சேன். பாத்ரூம்ல கைப்பிடி வந்தது, மணி வந்தது, எல்லாம் எண்ணுனதால வந்ததுதானுங்க. கேடயம் அவங்களா வெச்சது."

அதற்கு மேல் எனக்குச் சண்டை வரவில்லை. சிஸ்டரின் நிலைமையில் நான் இருந்தாலும் எண்ணித்தான் இருப்பேன்.

ஆனாலும் என் கால் என் கால்தானே.

ஜூலை 2

தெய்வானையும் நானும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். விவரம் இங்கே எழுதுவதற்கில்லை. நிவேதா இதை எட்டிப் பார்க்கிறாள்.

ஜூலை 3

இனி எழுதலாம்.

மத்தியானம் கீழே ஹாலில் தர மேம்பாட்டுக் கூட்டம். இன்றைக்குப் பேசப்போகும் விஷயம், நோயாளிகள் விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி. எஸ்தர் சிஸ்டர் உட்பட எல்லா நர்சுகளும் அதற்குப் போய்விட்டார்கள். நிவேதா மட்டும் வார்டின் மறுகோடியில் ஒருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள்.

தெய்வானை கம்பியை இறக்கினாள். ஒரு வாரமாக நர்சுகள் எப்படிப் பூட்டைத் திறக்கிறார்கள் என்று பார்த்துவைத்திருக்கிறாள். கட்டில் அடியிலிருந்து வாக்கரை இழுத்தாள். நான் எழுந்தேன். அவள் என் இடுப்பு வேட்டியைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஜன்னல் வரை போனோம். பஸ் ஸ்டாண்டு தெரிந்தது. பழனி பஸ் ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து யாராவது சந்தோஷப்படுவார்களா என்று யோசித்ததில்லை, நான் பட்டேன். "பாருங்க ராக்கியப்பன்!" என்று பெருமையாகத் திரும்பினேன்.

அங்கேதான் தரை துடைத்தால் வைக்கிற மஞ்சள் பலகை ஒன்று நின்றிருந்தது. 'தரை வழுக்கும், கவனம்.' தரை காய்ந்து எலும்பாக இருந்தது. வாக்கரின் கால் அந்தப் பலகையில் மாட்டிக்கொண்டது. தெய்வானை விடாமல் பிடித்தாள். ஆனால் அவள் பிடித்தது வேட்டியை. வேட்டி அவள் கையில், நான் தரையில்.

நல்ல வேளை, ஆபரேஷன் செய்யாத பக்கம். மெதுவாகத்தான் சரிந்தேன். வலி பத்துக்கு மூன்று. இதைச் சரியாகவே சொல்கிறேன்.

நிவேதா ஓடி வந்தாள். என்னை அவளும் ஒரு வார்டு பாயும் கட்டிலில் ஏற்றினார்கள். அவள் முகம் வெளுத்துவிட்டது. "மூணாந் தேதியே போச்சே! சிஸ்டர் என்னைக் கொன்னுருவாங்க" என்று அழுதவள், திடீரென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஐயா, நீங்க விழலீங்க. நீங்களாத்தான் தரைல உக்காந்தீங்க. செரிங்களா? அப்படின்னா கணக்குல வராது."

யோசித்துப் பார்த்தேன். விழுந்தேன் என்று எழுதினால் என்னைக் கட்டிலோடு கட்டிப்போடுவார்கள், டிஸ்சார்ஜ் வரை கால் தரையில் படாது. அப்புறம் ஓசூர்தான், ஏழாவது மாடிதான்.

"உக்காந்தேன்" என்றேன்.

எஸ்தர் சிஸ்டர் வந்து நின்றார். என்ன நடந்தது என்று கேட்டார்.

"தானா உக்காந்துட்டாருங்க சிஸ்டர்" என்றாள் நிவேதா.

"பேனா கீழ விழுந்துச்சுங்க, எடுக்கக் குனிஞ்சாருங்க" என்றாள் தெய்வானை, இன்னும் வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு.

"நானு பாத்துட்டே இருந்தனுங்க" என்றார் ராக்கியப்பன். "நல்லாச் சம்மணம் போட்டு உக்காந்தாருங்க."

இடுப்பு ஆபரேஷன் ஆனவன் சம்மணம் போடவே கூடாது என்று என் தலைக்கு மேலேயே பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. கோர்ட்டில் எனக்கு எதிராக வந்த பொய்ச் சாட்சிகள்கூட இதைவிட ஒழுங்காகப் பேசியிருக்கிறார்கள்.

சிஸ்டர் என் காலைத் தொட்டுப் பார்த்தார், அசைக்கச் சொன்னார், எக்ஸ்ரேக்கு அனுப்பினார். எலும்பு பத்திரம். திரும்பி வந்தபோது வேலைகளை எல்லாம் முடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

"இப்பச் சொல்லுங்கய்யா. விழுந்தீங்களா, உக்காந்தீங்களா?"

"எழுதாதீங்க அம்மணி." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "எழுதுனா என்னை எந்திரிக்க உட மாட்டீங்க. எந்திரிக்கலீன்னா படி ஏற முடியாது. வீடு போயிரும். இவ அந்த ஜன்னல்லயே உக்காந்துக்குவா. கெஞ்சிக் கேக்கறேன், எழுதாதீங்க."

"எழுதாம உட்டா, அந்த மஞ்சப் பலகைதான் ஆளத் தட்டி உடுதுன்னு நாளைக்கு யாருக்குங்கய்யா தெரியும்? அடுத்து இன்னொருத்தர் அதுலயே விழுவாரு. அவரு நல்ல பக்கமா விழுவாருங்கறது என்ன நிச்சயம்?"

வாசலுக்குப் போனார். பூஜ்யத்தைத் துணியால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு ஒன்று என்று எழுதினார்.

என் வாழ்நாள் முழுக்க நான் எத்தனையோ பேருக்கு எதிராக இதைத்தான் செய்தேன். எனக்கு யாராவது செய்தால் எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த அம்மாவின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் செய்தது சரி என்பதும் தெரிந்தது. அதனால் ஆத்திரம் இன்னும் கூடியது. தெய்வானை பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். கண்ணில் நீர் வந்தது. சுவரின் சுண்ணாம்பு வாசனையாக இருக்கலாம்.

ஜூலை 4

கம்பிகளைக் காணோம்! கண் விழித்தபோது இரண்டு பக்கமும் இறக்கிவிட்டிருந்தது. எஸ்தர் சிஸ்டர் வாக்கரோடு நின்றுகொண்டிருந்தார்.

"எந்திரிங்கய்யா. நடக்கலாம்."

"நேத்துத்தான அம்மணி விழுந்தேன்?"

"அதனாலதான்." வாயை மூடிச் சிரித்தார். "இந்த மாசம் கேடயம் எதிர் வார்டுக்குத்தானுங்க. இனி மாசம் முழுக்க நாங்க என்ன பண்ணுனாலும் கெடைக்காது. போறது போயிருச்சு. வாங்க, நடங்க."

இடுப்பில் ஒரு அகலப் பட்டை கட்டி, பின்னாலிருந்து அவரே பிடித்துக்கொண்டார். வேட்டியைவிட அது எவ்வளவோ தேவலை. மஞ்சள் பலகைகளை எல்லாம் சுவரோரம் ஒதுக்கியிருந்தார்கள். ஜன்னல் வரை போனபோது மெதுவாகச் சொன்னார்: "ஏழு மாசமா அந்தக் கேடயம் கையில இருந்துச்சுங்கய்யா. வீட்டுக்குப் போனாலும் யாராவது விழுந்துட்டாங்களோன்னுதான் இருக்கும். நேத்துத்தான் நல்லாத் தூங்குனேன்."

எனக்கு நேற்று இருந்த ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஜூலை 6

வார்டு முழுக்க நடக்கிறது. முட்டிக்காரர்கள், இடுப்புக்காரர்கள், கழுத்துப் பட்டைக்காரர் எல்லோரும். ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு நர்ஸோ சொந்தக்காரரோ பட்டையைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். "தேர் நோம்பி மாதிரியே இருக்குதுங்க சார்" என்கிறார் ராக்கியப்பன். அவர் வலி எட்டிலிருந்து நாலுக்கு இறங்கிவிட்டது. நடந்தால் ஊசி வேண்டியிருக்கவில்லையாம். தனக்கே கேவலமாக இருக்கிறது என்றார்.

ஒருவரும் விழவில்லை. எதிர் வார்டு வாசலில் பெரிய பூஜ்யம் தொங்குகிறது. உள்ளே எல்லோரும் கம்பிக்குள் படுத்துக்கொண்டு எங்கள் ஊர்வலத்தைப் பார்க்கிறார்கள்.

ஜூலை 7

எஸ்தர் சிஸ்டரிடம் ஒரு யோசனை சொன்னேன். "நீங்க விழுந்தவங்கள மட்டும் எண்ணறீங்க. அது ஒத்தத் தட்டு வெச்ச தராசுங்க. நடந்தவங்களையும் எண்ணுங்க, அப்பத்தான் முள்ளு நடுவுல நிக்கும்."

யோசித்துவிட்டு மேனேஜரிடம் கேட்கிறேன் என்றார்.

ராக்கியப்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "நல்ல ஓசனைங்க. ஆனா சார், நீங்க எத்தனை தராசு வெச்சாலும் அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சர்றது எங்க வேலைங்க."

ஜூலை 9

தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தையல் சுத்தமாக ஆறியிருந்தது. கைகழுவும் கணக்குக்கு ஒரு கும்பிடு.

மகேந்திரன் கார் கொண்டு வந்திருந்தான். நேராக வீட்டுக்குத்தான் வந்தோம், ஆனால் காரைத் தெருவில் ஓசூர் பார்த்து நிறுத்தினான். டிக்கியில் எங்கள் துணி மூட்டை. இஞ்சினை அணைக்கவில்லை. கீழ்க்கடை ஜெராக்ஸ்காரரும் அவர் கடைக்கு வந்தவர்களும் வேடிக்கை பார்க்க வெளியே வந்துவிட்டார்கள்.

படிகளை எண்ணவில்லை. எண்ணினால் பயம் வரும். ஒரு கையில் கைப்பிடி, ஒரு கையில் ஊன்றுகோல். பின்னால் தெய்வானை, ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டு வாங்கிவந்த பட்டையைப் பிடித்துக்கொண்டு. பாதிப் படியில் கால் வெடவெடவென்று ஆடத் தொடங்கியது. நின்றுவிட்டேன்.

"போதுமுங்கப்பா, எறங்கீருங்க" என்றான் மகன் கீழேயிருந்து. அவன் குரலில் பயம்தான் இருந்தது. அவன்மேல் எனக்கிருந்த கோபம் அந்த இடத்தில் போய்விட்டது. ஆனால் கால் ஏறவில்லை.

தெய்வானை பின்னாலிருந்து என் காதருகே சொன்னாள்: "தக்காளிக்காரன் தராசு மேல இருக்குதுன்னு நெனச்சுட்டு ஏறுங்க."

ஏறிவிட்டேன்.

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். கீழே மகேந்திரன் இஞ்சினை அணைத்துவிட்டு டிக்கியிலிருந்து மூட்டையை எடுத்தான். அவளிடம் உண்மையைச் சொல்லிவிடத் தோன்றியது.

"தெய்வானை, அவன் தராசு சரியாத்தான் இருந்துச்சு."

"தெரியுமுங்க. ஆபரேஷன் அன்னைக்கே தக்காளிப் பையோட வந்து பாத்துட்டுப் போனான். அதுலதான் தெனமும் உங்களுக்கு ரசம் வெச்சேன்."

பிறகு ரோஜாத் தொட்டிகளைத் திரும்ப வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். போகும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 1

முற்பகல்: ஆஸ்பத்திரி. பிற்பகல்: உழவர் சந்தை.

எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு, எலும்பு கூடிவருகிறது, நன்றாக நடக்கிறீர்கள் என்றார். திரும்பும்போது வார்டுக்குப் போனோம். வாசலில் இப்போது இரண்டு பலகை. 'இம்மாதம் விழுந்தோர்' என்ற பழைய பலகையில் புது மாதத்துப் பூஜ்யம். பக்கத்தில் புதிய பலகை, 'இன்று நடந்தோர்'. என் யோசனை! தெய்வானையிடம் மூன்று தடவை சுட்டிக்காட்டினேன். கட்டில் கம்பிகள் எல்லாம் கீழே இறங்கியிருந்தன. நடைக்குத் தனிக் கேடயமாம். எதிர் வார்டிலும் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

உள்ளே ராக்கியப்பன், அடுத்த முட்டிக்கு வந்து படுத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"முத்திரை சார், என்னைக் காப்பாத்துங்க! காலைல இருந்து நடக்க வெச்சே கொல்றாங்க. கண்ணசந்தா எழுப்பி நடக்க வெக்கறாங்க. காப்பிய அந்தக் கோடில கொண்டுபோய் வெச்சுட்டு, வந்து குடிங்கன்னு கூப்படறாங்க. எல்லாம் உங்க தராசு பண்ணுன வேலைங்க!"

நிவேதா ஓடி வந்தாள். "ஐயா, அந்த ஜன்னல் வரைக்கும் போயிட்டு வாங்க. எதிர் வார்டு ஒன்னு முந்தி நிக்குதுங்க."

"நான் இப்ப வார்டு நோயாளி இல்லயே அம்மணி."

"போன மாசம் நம்ம வார்டுதானுங்க!"

மறுத்திருக்கவேண்டும். எத்தனை பேருக்கு வழக்குப் போட்டவன் நான்! ஆனால் ஊன்றுகோலைத் தெய்வானையிடம் கொடுத்துவிட்டு நடந்தேன். ஜன்னல் வரை, கோலில்லாமல், தனியாக. பழனி பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது ராக்கியப்பன் கைதட்டி, "கள்ளத் தராசுங்கோவ்!" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். நிவேதா பலகையில் ஒன்று கூட்டிவிட்டாள்.

அப்போது எஸ்தர் சிஸ்டர் வந்தார். பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நிவேதாவைப் பார்த்தார். துணியை எடுத்துத் துடைத்துப் பழைய எண்ணையே போட்டார்.

"அழிக்காதீங்க அம்மணி" என்றேன். எனக்கே ஆச்சரியம், நிஜமாகவே கெஞ்சினேன். "கோல் இல்லாம நடந்தனுங்க. ஒன்னே ஒன்னு போட்டுக்கங்க."

"அன்னைக்கு எழுதாதீங்கன்னு கெஞ்சுனீங்க. இன்னைக்கு எழுதுங்கன்னு கெஞ்சறீங்க." சிரித்தார். பிறகு அருகில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பலகைல எழுத மாட்டனுங்கய்யா. ஆனா நான் கதவோரம் நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். ரொம்ப நல்லா நடந்தீங்க."

தெய்வானையிடமிருந்து ஊன்றுகோலைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

சந்தையில் அதே தக்காளிக்காரனிடம் வாங்கினோம். நான் தராசைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தேன். அவனே ஒன்று கூடுதலாகப் போட்டான். வீட்டுப் படியைத் தெய்வானையும் நானும் ஒன்றாகத்தான் ஏறினோம்.

சிஸ்டர் எழுதாவிட்டால் என்ன, இது என் நாட்குறிப்பு.

இன்று விழுந்தோர்: பூஜ்யம். நடந்தோர்: இரண்டு.